துருவும் முழங்காலும்

பழைய மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுகிறவனுக்குக் கொஞ்சம் ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும் என்று என் சிநேகிதர் ஒருவர் அடிக்கடி சொல்வார். எனக்கு ஜோசியம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரஸாயனம் சொல்லிக் கொடுக்கத் தெரியும். அதை மட்டும் நம்பிக்கொண்டு, சென்ற கோடை விடுமுறையில், சீமையில் இரண்டு மோட்டார் வண்டிகளைப் பரீட்சை செய்து பார்க்கும்படி நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

என் தமக்கையின் மகன் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். நல்ல பிள்ளை. வெற்றிலை பாக்கு, சிகரெட், சீட்டாட்டம் எதுவும் கிடையாது. ஆறடி ஒரு அங்குல உயரம். இந்த உயரத்தைத் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், கதைக்கு வேண்டியிருக்கிறது. நாலு வருஷம் சிக்கனமாக இருந்து மிச்சம் பிடித்த பணத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை பிறந்தது. புதிது வாங்கக் கட்டாது, பழையதுதான். இந்தச் செய்தி எப்படியோ என் தமக்கையின் காதுக்கு எட்டி விட்டது.

"அந்த வண்டிக்குக் கூரையே துணியாமே! நீ விடுமுறைக்கு அங்கேதானே போகிறாய்? கூடப் போய்ப் பார். உனக்குச் சரி என்று பட்டால் மட்டும் வாங்கட்டும்" என்று எனக்கு உத்தரவு வந்தது. பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்து விட்டது.

பையன் ஆசைப்பட்ட வண்டி மாஸ்டா கம்பெனியாரின் எம்.எக்ஸ்.-5 என்பது. இரண்டே பேர் உட்காரலாம். நீளம் 4 மீட்டருக்குள். உயரம் 1¼ மீட்டருக்குள். முதன் முதலில் வந்த வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதன் பூர்வோத்தரத்தைக் கேட்டபோது எனக்கே அதன் பேரில் ஒரு மரியாதை உண்டாயிற்று.

துணிக் கூரை போட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களின் ஏகபோக சொத்து மாதிரி இருந்தது. எம்.ஜி.பி. என்ற வண்டியை 1962-ல் தொடங்கி 1980 வரையில் 5 லட்சத்துக்கு மேல் செய்து உலகம் முழுவதும் விற்றார்கள். 1980-ல் ஆபிங்டன் ஊரிலிருந்த அந்தத் தொழிற்சாலையை மூடி விட்டார்கள். அந்த இடத்தைப் பிடித்தவர்கள் ஜப்பானியர். மாஸ்டா கம்பெனியின் ஊர் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்டு 6-ந் தேதி அந்நகரின் தலையில் அணுகுண்டு விழுந்தது. ஒரு குன்று நடுவில் மறைத்ததால் கம்பெனியின் கட்டடங்கள் முற்றும் அழியாமல் தப்பின. அந்த வருஷம் முடிவதற்குள் அங்கே மறுபடியும் மூன்று சக்கர வண்டிகள் செய்ய ஆரம்பித்து விட்டார்கள். அதே ஊர்க்காரர்கள் 1989 பிப்ரவரியில் அமெரிக்காவிலுள்ள சிகாகோவில் இந்த எம்.எக்ஸ்.-5 வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். 2016-ல் அவர்கள் செய்த வண்டிகளின் எண்ணிக்கை 10 லட்சத்தை எட்டி விட்டது. இரண்டு பேர் உட்காரும், கூரையைத் திறக்கக் கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு விற்றது வேறொன்றும் இல்லை.

நம்மவர்களும் சும்மா இருந்து விடவில்லை. கவென்ட்ரியில் பேர் பெற்ற ஜாக்குவார் கம்பெனியை நமது டாட்டா 2008-ல் வாங்கினார்கள். காலச் சக்கரம் மோட்டார் வண்டியின் சக்கரத்தைவிட வேகமாகத்தான் சுற்றுகிறது!

நிற்க. அந்த ஜப்பானியப் பொறியாளர்கள் தங்கள் வண்டிக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். குதிரையும் குதிரைவீரனும் ஒரே உடலாக ஆகிவிட வேண்டும் என்பது அதன் பொருள். மிக அழகான சூத்திரம். ஆனால் அது பலிக்க வேண்டுமானால் குதிரைக்கு எலும்பு உறுதியாக இருக்க வேண்டும். வீரனுக்குச் சேணம் பொருந்தவும் வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் பார்க்க வேண்டிய விஷயங்கள் இந்த இரண்டிலேயே அடங்கி விடுகின்றன. எஞ்சினைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் மாட்டலாம். உடல் இற்றுப் போனால் என்ன செய்வது?

முதல் வண்டியைப் பார்க்க ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். 1994-ம் வருஷத்தது. குங்குமச் சிவப்பு. விளக்குகள் தூங்கும்போது கண்ணை மூடிக் கொள்ளும். பொத்தானை அழுத்தினால் இமையைத் திறந்து கொண்டு எழுந்திருக்கும். பையன் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவன் முகம் போன போக்கைக் கண்டு, "சரி, இவன் வாங்கி விட்டான், நாம் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருக்கிறோம்" என்று நினைத்துக் கொண்டேன்.

வண்டிக்காரர் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர். நல்ல உயரம், எங்கள் பையனுக்குச் சமமாக இருப்பார். எங்களுக்குத் தேநீர் கொடுத்து உபசரித்தார். வயதாகி விட்டதால் தாழ்ந்த வண்டியில் ஏறி இறங்க முடியவில்லை, அதனால் விற்கிறேன் என்றார். பேச்சில் சூது வாது தெரியவில்லை.

பையன் உள்ளே உட்கார்ந்தான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது! துணிக் கூரையை மூடியபோது தலைக்கும் கூரைக்கும் நடுவே என் நாலு விரல் தாராளமாக நுழைந்தது. தோள் இரண்டும் ஆசனத்தின் முதுகில் படிந்திருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் சக்கரத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. கிளட்ச்சை அடி வரையில் மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருந்தது. சக்கரத்தில் இடிக்கவும் இல்லை.

"மாமா! இந்த வண்டி எனக்காகவே பிறந்தது" என்றான்.

"ஜாதகம் பார்த்து விடலாம்" என்றேன்.

இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மூன்று வயது கடந்த ஒவ்வொரு காரையும் ஆண்டுக்கொரு முறை பரீட்சை செய்து அத்தாட்சி வாங்க வேண்டும். 'எம்.ஓ.டி.' பரீட்சை என்று அதற்குப் பெயர். 2005-ம் வருஷம் முதற்கொண்டு நடந்த பரீட்சைகளின் முடிவைச் சர்க்காரே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். வண்டியின் பதிவு எண்ணைக் கொடுத்தால் போதும். எந்த வருஷம் தேறியது, எதில் தவறியது, எத்தனை மைல் ஓடியிருந்தது, பரீட்சகர் என்ன எச்சரிக்கை எழுதினார் என்பதெல்லாம் வந்து விடும். காசு கொடுக்க வேண்டியதில்லை. இதை வீட்டிலேயே பார்த்து விட்டுத்தான் வண்டியைப் பார்க்கப் புறப்பட வேண்டும். ஆசைப்பட்ட பிறகு படிக்கிற ஜாதகத்தில் தோஷம் கண்ணுக்குத் தெரியாது.

பையன் கைப்பேசியில் அதை எடுத்துக் காட்டினான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பரீட்சகர், 'கதவுக்கு அடியிலுள்ள படியில் துரு' என்று எழுதியிருந்தார். அடுத்த வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அதுதான் சரி செய்து விட்டார்கள் போலிருக்கிறதே!" என்றான் பையன்.

"சரி செய்தார்களா, மூடி மறைத்தார்களா என்பதுதான் கேள்வி. பரீட்சகர் ரத்தினக் கம்பளத்தைக் கிளப்பிப் பார்ப்பதில்லை. பூச்சைச் சுரண்டிப் பார்ப்பதும் இல்லை. வெளியில் தெரிவதைத்தான் எழுதுவார்" என்றேன்.

இவ்விடத்தில் துருவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாத்தியார் புத்தி, வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

எண்ணெய் தடவாமல் ஈரத்தோடு வைத்த தோசைக்கல் மறுநாள் காலையில் என்ன நிறத்தில் இருக்கும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு மூன்றும் ஒன்றுசேர்ந்தால் துரு. இரும்பின் ஒரு புள்ளியிலிருந்து மின் அணுக்கள் கிளம்பி இன்னொரு புள்ளிக்குப் போகின்றன. அங்கே நீரும் பிராணவாயுவும் அவற்றை வாங்கிக் கொள்கின்றன. இழந்த புள்ளியில் இரும்பு கரைகிறது. தகட்டிலே ஒரு சிறு மின்சாரக் கலமே நடக்கிறது என்று சொல்லலாம். அந்த நீரில் உப்புக் கலந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும். வேலையும் துரிதமாக நடக்கும். தவிர, உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக் கொள்கிறது.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலை உறைந்து வழுக்காமல் இருப்பதற்காகக் கல்லுப்பை வாரி இறைக்கிறார்கள். உப்பு நீர் சாதாரண நீரைப் போல் சீக்கிரம் உறையாது அல்லவா? மனிதர்கள் விழாமல் பிழைக்கிறார்கள். வண்டிகள் வயிற்றில் உப்புக் கரைசலைப் பூசிக் கொள்கின்றன. இரும்புத் துரு அலுமினியத்தின் மேல் படியும் ஆக்ஸைடைப் போல் இறுகிப் படிந்து காவல் செய்கிற ஜாதியும் அல்ல. அது பொருபொருவென்று உப்பி உதிர்ந்து புதிய இரும்பை மேலும் மேலும் திறந்து விடும்.

துருவை ஜயித்த இரும்பே கிடையாதா என்றால், டில்லியில் இருக்கிறது. குதுப்மினாருக்குப் பக்கத்தில் 7 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. நம் நாட்டுக் கொல்லர்கள் உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே ஒரு மெல்லிய கவசம் படிந்து உள்ளிருப்பதைக் காப்பாற்றி வருகிறது. ஆனால் மோட்டார் வண்டிக்கு அந்த இரும்பு உதவாது. வண்டிக்கு வேண்டியது காகிதம் போல் மடித்துக் கொடுக்கக் கூடிய மெல்லிய எஃகுத் தகடு. அது பூச்சு இருக்கும் வரையில்தான் பிழைத்திருக்கும்.

இந்த எம்.எக்ஸ்.-5 வண்டியில் துருவுக்கு மிகவும் பிடித்தமான இடம் ஒன்று உண்டு. கதவுக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, பெட்டி போல் ஓடும் இரும்புப் படி, அதன் பின்கோடி. துணிக் கூரையின் மேல் விழும் மழைநீரை ஆசனங்களுக்குப் பின்னாலுள்ள ஒரு வாய்க்கால் வாங்கி, இரு மூலைகளிலும் இறங்கும் இரண்டு குழாய்களின் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் கீழே விட்டு விடுகிறது. குழாயில் சருகும் மண்ணும் அடைத்துக் கொண்டால் தண்ணீர் எங்கே போகும்? வழிந்து படியின் உள்ளே இறங்கித் தேங்குகிறது. வெளியிலிருந்து சக்கரம் உப்புச் சேற்றை வீசுகிறது. இப்படி இரண்டு பக்கமும் தாக்குண்ட தகடு உள்ளேயிருந்து வெளியே அரித்துக் கொண்டு வரும். மேல் பூச்சில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். சாம்ராஜ்யங்கள் கூட அப்படித்தான் இற்றுப் போகின்றன!

சாதாரணக் காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து உடலைத் தாங்கும். கூரை இல்லாத வண்டியில் அந்தப் பாரம் அடித்தளத்தின் மேலும் இந்த இரண்டு படிகளின் மேலும் விழுகிறது. பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் குறுக்கே நின்று தடுப்பவற்றில் முக்கியமானதும் இதுதான். ஆகவே இது அழகைப் பற்றிய விஷயம் அல்ல. உயிரைப் பற்றிய விஷயம்.

என் சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருந்தேன். வீட்டில் ஐஸ் பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பார்களே, அதுதான். பூச்சில் கீறல் விழாமலிருக்க மெல்லிய துணியில் சுற்றி, பெரியவரிடம் அனுமதி கேட்டுக் கொண்டு, படியின் முன்கோடியில் வைத்தேன். கப்பென்று பிடித்துக் கொண்டது. மெள்ள மெள்ளப் பின்னால் நகர்த்திக் கொண்டு போனேன். பின் சக்கரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது காந்தம் பிடியை விட்டு நழுவித் தரையில் விழுந்தது.

மறுபடி வைத்தேன். மறுபடியும் விழுந்தது. திருப்புளியின் மரப் பிடியால் தட்டினேன். முன்னால் 'டங் டங்' என்று கேட்டது. பின்னால் 'தொப் தொப்' என்றது. அங்கே இரும்பு இல்லை. பட்டி வைத்துத் தேய்த்து மேலே சிவப்புப் பூசியிருக்கிறார்கள்! வண்டியின் அடியில் கைவிளக்கை அடித்துப் பார்த்தால் தார் மாதிரியான கறுப்புப் பூச்சு புத்தம் புதிதாகப் பளபளத்தது. முப்பது வருஷத்து வண்டிக்கு வயிறு மட்டும் புதிதாக இருக்குமா? துருவைச் சுரண்டி விட்டுப் பூசினால் அந்தப் பூச்சு காவல்; துருவின் மேலேயே பூசினால் அது திரைச் சீலை. மற்றப் பக்கத்திலும் அதே கதைதான்.

பையன் முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் அதைவிடப் பெரியவரின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்த காந்தத்தை வாங்கி, தாமே இரண்டு மூன்று தடவை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முழுதும் சீர்திருத்தியது என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியை இதில் உட்கார வைத்துக் கொண்டு போனேன்."

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. "இதைத் திருத்தும் வரையில் யாருக்கும் விற்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

அத்துடன் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறுநாள் இரண்டாவது வண்டியைப் பார்க்கப் போனோம். 2002-ம் வருஷத்தது, இரண்டாந் தலைமுறை. விளக்குகள் கண் கொட்டாமல் விழித்துக் கொண்டிருக்கும். நிறம் வெள்ளி. விற்கிற அம்மாள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வரச் சம்மதித்தாள். மேலே தூக்கும் மேடை உள்ள பட்டறையில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு நாளும் நுழையக் கூடாது.

காந்தம் படியின் முன்கோடி முதல் பின்கோடி வரையில் விடாமல் பிடித்தது. இரண்டு பக்கமும் ஒரே ஓசை. வாய்க்காலில் ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாக ஊற்றினேன். பின் சக்கரத்துக்கு முன்னால் அடியில் ஒழுகி வந்து விட்டது. ஆசனங்களுக்குப் பின்னாலும் காலடியிலும் கம்பளத்தைக் கிளப்பிப் பார்த்தோம். ஈரமில்லை, ஈர வாடையும் இல்லை. இந்த வண்டிகளில் பாட்டரி பின்னால் சாமான் பெட்டியில் இருக்கிறது. அமிலம் கசிந்திருந்தால் தெரியுமாகையால் அதன் அடியையும் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. பின் சக்கர வளைவின் விளிம்பை உட்புறமாக விரலால் தடவிப் பார்த்தோம்.

இந்தத் தலைமுறைக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. எஞ்சினுக்கு இரு புறமும் முன்னால் நீளும் சட்டங்களில், தகட்டோடு தகடு சேர்த்திருக்கும் இடத்தில் ஈரம் புகுந்து உள்ளுக்குள்ளேயே அரித்து விடும். அங்கே ஒளிந்திருந்தால் மேலேயிருந்து தெரியாது. பட்டறைக்காரர் அடி மூடியைக் கழற்றிக் காட்டினார். மேலாகச் சிறிது செம்மை படர்ந்திருந்ததே தவிர, தட்டினால் உறுதியாக ஒலித்தது. பரீட்சைப் பதிவும் வருஷா வருஷம் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் இருந்தது.

"நல்ல எலும்பு" என்றேன் பெருமிதத்துடன்.

பையன் உள்ளே உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட மடித்து வைக்கப்பட்டான் என்பதே பொருந்தும். கூரையை மூடியதும் தலை துணியில் முட்டியது. நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே முன் கண்ணாடியின் மேல் சட்டம் மறைத்தது. சாலை விளக்கு சிவப்பா பச்சையா என்று பார்க்கக் குனிய வேண்டும். தொடை ஸ்டியரிங் சக்கரத்தில் இடித்தது. சக்கரத்தைத் தூக்கவோ இழுக்கவோ இந்த வண்டிகளில் வசதி கிடையாது. அகலமான பாதரட்சையோடு பிரேக்கை மிதித்தால் ஓரத்தில் இன்னொன்றும் மிதிபட்டது.

பையன் இறங்கி வந்தான். "மாமா! அந்தச் சிவப்பு வண்டியையே வாங்கி விடலாம். துருவை வெட்டி எறிந்து விட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். என் காலை வெட்ட முடியுமா?" என்றான்.

நியாயமான கேள்விதான். பழைய வண்டிக்காரர்கள் பலர் இதே தர்க்கத்தில்தான் பணத்தை இழந்திருக்கிறார்கள் என்று பட்டறைக்காரர் சொன்னார். படியின் மேல் தகட்டை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே இன்னும் தகடுகள் இருக்கின்றன. ஒன்றை வெட்டினால்தான் அடுத்தது எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். அவருக்கே திறந்து பார்க்காமல் விலை சொல்லத் தைரியமில்லை. இரு பக்கமும் ஒழுங்காகச் செய்தால் வண்டியின் விலையில் பாதிக்குக் குறையாது என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் உண்டாயிற்று. இரண்டு வண்டிகளும் ஒரே வம்சம். உள்ளே உட்காரும் இடம் அநேகமாக ஒரே அளவு. முதல் வண்டியில் தாராளமாக உட்கார்ந்த பையன் இரண்டாவது வண்டியில் மட்டும் ஏன் முட்ட வேண்டும்? பையன் ஒரே நாளில் வளர்ந்து விடவில்லையே?

பெரியவருக்கு டெலிபோன் செய்து கேட்டேன். அவர் சிரித்தார். "நானும் உயரம்தானே? வாங்கினவுடனே ஆசனத்தின் உறையைக் கழற்றி, அடியிலுள்ள நுரை மெத்தையில் ஒரு பகுதியைச் செதுக்கி எடுத்து விட்டேன். வாருங்கள், அளந்து பாருங்கள்" என்றார்.

அளவு நாடாவோடு போனோம். அழுத்திய ஆசனத்திலிருந்து கூரைத் துணி வரைக்கும் இரண்டு வண்டியிலும் அளந்து எழுதினோம். சிவப்பு வண்டியில் ஒன்றரை அங்குலம் அதிகம். தலை இறங்கிய அளவு தொடையும் இறங்குகிறதல்லவா? சக்கரத்தில் இடிக்காததற்கும் அதுவேதான் காரணம். ஒரே ஒன்றரை அங்குல நுரை, ஒரு நல்ல பையனையும் ஒரு இற்றுப்போன வண்டியையும் முடிச்சுப் போட இருந்தது!

இதிலும் சில எச்சரிக்கைகள் உண்டு. நுரையை அதிகமாகச் செதுக்கினால் அடிக் கம்பி உறுத்தும். தொடைக்கு முட்டு இல்லாமல் நீண்ட பிரயாணத்தில் முதுகு வலிக்கும். ஆகையால் பின்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, உட்கார்ந்து பார்த்து, மறுபடி எடுக்க வேண்டும். செதுக்கிய துண்டைப் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும். வண்டியை விற்கும்போது திரும்ப வைக்கலாம். முழங்காலுக்கு இடம் வேண்டுமென்று சிறிய ஸ்டியரிங் சக்கரம் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனுள் காற்றுப் பை இருக்கும் வண்டியில் அப்படிச் செய்வது மோதலில் காப்பாற்றும் கருவியைக் கழற்றி எறிவதாகும். அது வேண்டாம் என்று பையனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பாதரட்சை விஷயத்துக்கு வழி சுலபம்: மெல்லிய அடியுள்ள ஒரு ஜோடியை வண்டியிலேயே வைத்துக் கொண்டான்.

பொருத்தம் பார்க்கிறவர்கள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து விட்டு எழுந்து வரக் கூடாது. அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். கூரையை மூடியும் பார்க்க வேண்டும், திறந்தும் பார்க்க வேண்டும். தினமும் போடும் பாதரட்சையோடு மிதித்துப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். மனைவியோ தாயாரோ கூட வருவதானால் அவர்களையும் ஏற்றி இறக்கிப் பார்ப்பது குடும்ப க்ஷேமத்துக்கு நல்லது.

பையன் வெள்ளி நிற வண்டியை வாங்கினான். விளக்குகள் கண் சிமிட்டவில்லையே என்று அவனுக்கு இன்னும் கொஞ்சம் குறைதான். நுரையைச் செதுக்க அந்தப் பெரியவரே வந்து உதவி செய்தார். தம்முடைய சிவப்பு வண்டியைப் பட்டறையில் விட்டிருப்பதாகவும், திறந்து பார்த்ததில் பயந்த அளவுக்கு மேலேயே போயிருந்தது என்றும் சொன்னார். "விலை போனாலும் போகட்டும். அடுத்தவன் பேத்தியும் பேத்திதானே?" என்றார். ஆங்கிலேயரோ தமிழரோ, பெரிய மனிதர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

இப்போது ஒவ்வோர் அக்டோபரிலும், உப்பு இறைப்பு ஆரம்பிப்பதற்கு முன், அந்த வாய்க்காலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். குளிர்காலம் போனதும் வண்டியின் வயிற்றை நன்றாகக் கழுவி விட வேண்டும் என்று பையனுக்குச் சொல்லி விட்டு வந்திருக்கிறேன். அடைத்தால் மெல்லிய பிளாஸ்டிக் நாடாவால் மெதுவாகக் குத்த வேண்டும்; கம்பியை விட்டுக் குத்தினால் வாய்க்கால் கிழிந்து, காப்பாற்றப் போன நாமே கெடுத்தவர்களாவோம்.

ஊர் திரும்பியதும் என் தமக்கை கேட்ட முதல் கேள்வி, "துணிக் கூரை என்றாயே, மழை வந்தால் பிள்ளைக்குத் தலை நனையாதா?" என்பதுதான்.

"தலை நனைந்தால் துவட்டிக் கொள்ளலாம், அக்கா! வண்டியின் வயிறு நனையாமல் பார்த்துக் கொண்டால் போதும்" என்றேன்.